இரண்டு முட்டியிலும் கட்டு

எங்கள் தொழிற்சாலை கேட்டில் ஒரு விதி இருந்தது. சைக்கிளில் வருகிறவன் யாராக இருந்தாலும் வெளியே இறங்கி, தள்ளிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். இறங்குகிற இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக் கேட்காரர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு இடது கால் மடங்காது. அதை நீட்டியபடியே, நான் இறங்குவதைப் பார்த்துவிட்டுத் தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"இன்னா மாமே, எந்தக் காலு?"

சேர்ந்த புதிதில் எனக்கு எந்தக் காலிலும் வலி கிடையாது. "ரெண்டும் நல்லாத்தான் கீது" என்பேன். அவர் சிரிக்கமாட்டார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். காலங்காத்தாலே வேலைக்குப் போகிறவனைப் பார்த்து இப்படியா கேட்பது? அவரும் ஒரு காலத்தில் எங்கள் கூடைப்பந்து டீமில், கூடைக்கடியில் நிற்கிற பிவட்டாக ஆடியவர், நான் போட்டுக்கொண்டிருந்த பனியனின் நம்பர் அவருடையது என்பதைப் பிறகுதான் சொன்னார்கள். அதற்கப்புறம் எரிச்சல் குறைந்து பயம் ஏறியது.

அது எண்பதுகளின் தொடக்கம். எங்கள் வீடு பட்டாபிராமில். தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம்; அப்பா மிலிட்டரி சைடிங்கில் கூட்ஸ் ரயிலிலிருந்து மூட்டை தூக்கினார். எனக்கு மட்டும் இந்த உயரம் எங்கிருந்து வந்ததென்று தெரியாது. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் என்னைக் கூடைக்குக் கீழே நிறுத்தி, "நீ ஓடவேண்டாம், குதி போதும்" என்றார். அந்தக் குதிதான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. காலையில் ஸ்டோர்ஸ், மதியத்துக்கு மேல் கூடைப்பந்து. லேத்தில் நிற்கிறவர்கள் எங்களைப் பார்த்து, "பந்து ஆடறதுக்குச் சம்பளம், கொடுத்து வெச்சவனுங்க" என்று சத்தமாகவே சொல்வார்கள். அவர்கள் சொன்னதில் பொறாமை இருந்தது, தப்பில்லை. ஆனால் அவர்கள் நிரந்தரம், நாங்கள் தற்காலிகம்.

எங்கள் டீமில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மேட்ச்சில் விழுந்தால் வேலை உண்டு, பிராக்டிஸில் விழுந்தால் வீட்டுக்கு. பெரிய அதிகாரிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது, தொழிற்சாலை பனியனோடு ஒருவன் விழுந்துவிட்டால், அவனைக் கைவிடுவது மானக்கேடு. யூனியன்காரர்களும் கேட்பார்கள். பிராக்டிஸில் கால் போனவனை யாரும் பார்ப்பதில்லை. அடுத்த முறை தற்காலிகத்தை நீட்டிக்கமாட்டார்கள், அவ்வளவுதான். அதனால் எங்களில் யாருக்கும் பிராக்டிஸில் அடிபட்டதே கிடையாது. அடிபட்டவனுக்கெல்லாம் அம்மை போட்டுவிடும்.

இதைச் சொன்னால் இப்போது சிரிப்பார்கள். அம்மை என்று சொல்லியனுப்பினால் யாரும் வீட்டுக்கு வந்து பார்க்கமாட்டார்கள். டாக்டர் சீட்டு கேட்கமாட்டார்கள். குளித்துவிட்டு வா என்பார்கள். எனக்கு முதலில் கணுக்கால் பிசகியபோது, கேப்டன்தான் அந்த வழியைச் சொன்னார். அவர் திருமழிசைக்காரர், பரம்பரையாக ஏர் பூட்டிய குடும்பம், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அவர் ஊரில் எலும்புக் கட்டுப் போடுகிறவரிடம் என்னைப் பஸ்ஸில் அழைத்துப் போனார். முட்டை வெள்ளைக்கருவும் உளுத்தம்மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் வாசலில் வேப்பிலை செருகச் சொன்னேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "ஆத்தா பேர்ல பொய் சொல்றியாடா? அவ கேட்டுகினு கீறா."

அம்மா வேப்பிலையைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டாள். நானே நொண்டிக்கொண்டு போய்ச் செருகினேன். கணுக்கால் சரியாகிவிட்டது. ஆனாலும் ஆடி மாதம் அம்மா கூழ் ஊற்றும்போது, குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, "எம்புள்ளைய மன்னிச்சுரு" என்று முணுமுணுத்தாள். எனக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவாக இல்லை. இருந்தாலும் அன்றைக்கு அவள் கண்ணில் படாமல் நானும் ஒரு கும்பிடு போட்டேன்.

அடுத்தது விரல். கூடையில் பட்டுத் திரும்புகிற ரீபவுண்டை எடுக்கக் குதித்தபோது பந்து மோதிர விரலின் நுனியில் நேராக வந்து இடித்தது. இழுத்துவிட்டுக்கொண்டு ஆடினேன். விரல் கணுவில் வீங்கி, அப்படியே நின்றுபோனது. கல்யாணத்தில் மாப்பிள்ளை மோதிரம் அந்தக் கணுவைத் தாண்டவில்லை. மாமனார் எண்ணெய் தடவி அழுத்தினார், நான் பல்லைக் கடித்தேன், பெண் வீட்டார் சிரித்தார்கள். கடைசியில் சுண்டு விரலில் மாட்டிவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். உடம்பில் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டு வருகிறது என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

வலது முட்டி போனதுதான் நிஜமான ஆரம்பம். எங்கள் கோர்ட் சிமெண்டுத் தரை, ஷெட்டுகளின் பின்பக்கம். கேன்வாஸ் ஷூவின் அடிப்பாகம் அப்பளம் போல இருக்கும். குதித்து இறங்குகிற ஒவ்வொரு முறையும் தரை திருப்பி அடிக்கும். ஒருநாள் மாலை பிராக்டிஸில் இறங்கியபோது உள்ளே 'டொக்' என்றது. வலிகூடப் பெரிதாக இல்லை. சத்தம்தான். பக்கத்தில் நின்ற கேப்டனுக்குக் கேட்டுவிட்டது. பந்தைப் பிடித்து நிறுத்தினார்.

"மச்சான், எந்தக் கால்னு யாராண்டயும் சொல்லாத" என்றார் மெதுவாக. "உன் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியக் கூடாது."

அவர் பையிலிருந்து கிரேப் பேண்டேஜ் இரண்டு சுருள் எடுத்து, இரண்டு முட்டியிலும் ஒரே மாதிரி சுற்றிவிட்டார். இது எங்கள் டீமின் பழைய வழக்கம். எதிராளிக்குத் தெரிந்தால் அந்தக் காலையே குறிவைத்து இடிப்பான். ஆபீசருக்குத் தெரிந்தால் அதைவிட மோசம். இரண்டிலும் கட்டு இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த வழக்கம் எனக்கு அன்று பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

மறுநாள் காலை அம்பத்தூரில் ரயிலை விட்டு இறங்கி, ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை எடுத்து எஸ்டேட்டுக்கு மிதித்தேன். எப்போதும் பின்பக்கமாக வலது காலைச் சுழற்றி, ஓடுகிற சைக்கிளிலிருந்தே இறங்குகிறவன் நான். அன்றைக்கு வண்டியை நிறுத்தி, இடது காலை ஊன்றிச் சாய்த்து இறங்கினேன். கேட்காரர் பார்த்தார். வழக்கமான கேள்வி வரவில்லை. அவர் கேட்காமல் விட்டதுதான் என்னைக் கலக்கியது. உள்ளே போய் ஸ்டோர்ஸில் நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம், அந்த நீட்டிய காலே கண்முன் நின்றது.

ஓய்வு எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எடுக்க வழி இல்லை. கணுக்காலுக்கும் இடுப்புப் பிடிப்புக்கும் ஏற்கெனவே அம்மை போட்டாகிவிட்டது. "உனக்கு மட்டும் எத்தனை தடவைப்பா வரும்?" என்று ஆட்களின் வேலை விவகாரம் பார்க்கிற பர்சனல் ஆபீசர் சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார். அந்தச் சிரிப்பு நல்லதாகப் படவில்லை. கோப்பை மேட்ச் வேறு வரப்போகிறது. ஜெயித்தால் நான் நிரந்தரம் என்று அவர் வாயாலேயே சொல்லியிருந்தார். அதுவரைக்கும் முட்டி தாங்கினால் போதும். தாங்குமா என்பதுதான் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை எனக்கு இருந்த ஒரே நினைப்பு.

என் மனைவியிடமும் நான் சொல்லவில்லை. அவள் கெட்டிக்காரி. உப்பை வறுத்துத் துணியில் முடிந்துகொண்டு வந்து, "எந்தக் கால்னு சொல்லமாட்ட, சரி, ரெண்டையும் நீட்டு" என்றாள். இரண்டுக்கும் ஒத்தடம் கொடுத்தாள். நடுவில் துணியைக் கீழே வைத்துவிட்டு, வெறும் கையை வலது முட்டியில் வைத்தாள். அதில் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் உப்பை மறுபடி வறுக்கப் போனாள். அடுப்படியில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

மேட்ச் ஆவடியில் ஒரு மைதானத்தில் நடந்தது. சாயங்கால ஆட்டம், ஷாமியானா, வெற்றிலைத் தட்டு, முன்வரிசையில் எங்கள் அதிகாரிகள். வார்ம்-அப் செய்யும்போது கூடைவரை ஓடிக் குதித்து ஒரு லே-அப் போட்டு இறங்கினேன். முகம் சுருங்கியிருக்க வேண்டும். பர்சனல் ஆபீசர் கண்ணில் அது பட்டுவிட்டது. அவர் கெட்ட மனிதர் இல்லை. அக்கறையாகத்தான் ஒரு டாக்டரை அழைத்துக்கொண்டு பெஞ்சுக்கு வந்தார்.

"வலிக்குதா? மறைக்காதப்பா. டாக்டர் பார்த்துடட்டும்."

வலிக்கவில்லை என்று சொல்ல முடியாது, பார்த்துவிட்டார். வலது முட்டியைக் காட்டினால், கட்டை அவிழ்த்த உடனே வீக்கம் தெரியும். உட்காரவைத்துவிடுவார்கள். ஆட்டம் தொடங்கவில்லை. இப்போது போனால் அது மேட்ச்சில் போனதாகாது. பக்கத்தில் கேப்டன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் கால்?" என்றார் டாக்டர்.

அந்தக் கேள்வியை அதற்கு முன்னால் யாரெல்லாம் கேட்டிருந்தார்கள் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. நான் இடது காலை நீட்டினேன். நல்ல கால்.

டாக்டர் கட்டைத் தளர்த்தி அழுத்திப் பார்த்தார். "பெருசா ஒண்ணுமில்லையே, லேசான பிடிப்புதான்" என்றார். நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். அவர் பெட்டியைத் திறந்து ஊசியை எடுப்பதை அப்புறம்தான் பார்த்தேன். "மரத்துப்போக ஒண்ணு போட்டுடறேன், தைரியமா ஆடு" என்றார். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? ஆபீசர் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். ஊசி இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் இடது முட்டி என்னுடையதாக இல்லை. வலதை நம்ப முடியாமல், எல்லாக் கனத்தையும் நான் இடதில்தான் போட்டு ஆடுவது வழக்கம். அந்த ஒரே தூணை மரக்கவைத்துவிட்டு ஆட இறங்கியிருந்தேன். வலியே இல்லாததால் முதல் பாதி நன்றாகவே ஆடினேன். கூட்டம் கத்தியது. கேப்டன் மட்டும் ஓடுகிறபோதெல்லாம் என் காலைப் பார்த்தார். இரண்டாம் பாதியில் ஒரு ரீபவுண்டை எடுத்து இடது காலில் இறங்கினேன். பாதம் தரையில் இருந்தது, உடம்பு திரும்பிவிட்டது, முட்டி எந்தப் பக்கம் போனதென்று எனக்குத் தெரியவில்லை. வலிக்கவே இல்லை. நான் எழுந்து நிற்கப் பார்த்தேன். கேப்டன் ஓடிவந்து என்னைத் தரையோடு அமுக்கி, "பாக்காத மச்சான், கீழ பாக்காத" என்று அழுதார்.

மேட்ச்சில் ஜெயித்தோம். மேட்ச்சில் விழுந்ததால் எனக்கு நிரந்தரமும் ஆனது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஆபீசர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து சொல்லிவிட்டுப் போனார். முட்டியைத் திறந்து, கிழிந்த ஜவ்வை எடுத்துவிட்டார்கள். மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தேன். மாவுக்கட்டைப் பிரித்தபோது உள்ளேயிருந்து வந்த தொடை என்னுடையதென்று நம்பமுடியவில்லை, கை போல இளைத்திருந்தது. ரேஷன் பையில் மணலைக் கட்டிக் கணுக்காலில் தொங்கவிட்டு, கட்டிலில் உட்கார்ந்தபடி தூக்கித் தூக்கி இறக்கவேண்டும். மனைவி வாரத்துக்கு வாரம் ஒரு கரண்டி மணல் கூடப் போடுவாள். நான் கத்துவேன், திட்டுவேன், பையை அவள்மேல் எறிந்துகூட இருக்கிறேன். அவள் சிந்திய மணலை அள்ளித் திரும்பவும் கட்டுவாள்.

கக்கூஸுக்கு யாரும் தாங்கிப் பிடிக்காமல் நடக்கத் தொடங்கிய பிறகுதான் அதைக் கவனித்தேன். வலது முட்டியில் வலி இல்லை. வீக்கம் வற்றியிருந்தது. மடக்கினேன், நீட்டினேன், அதன்மேல் முழு உடம்பையும் போட்டு நின்றேன். சும்மா படுத்துக் கிடந்த அந்த மாதங்களில் அது தானாகவே ஆறிவிட்டிருந்தது. அதற்குத் தேவைப்பட்டது ஓய்வு மட்டும்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ஆத்திரம் வந்தது. யார்மேல் காட்டுவதென்று தெரியவில்லை.

வேலைக்குத் திரும்பிய நாள் கேட்டில் ரிக்‌ஷாவை விட்டு இறங்கினேன். கேட்காரர் ஸ்டூலை நகர்த்தி எனக்கு இடம் கொடுத்தார்.

"டாக்டராண்ட நல்ல காலத்தான காட்ன?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் தன் வலது முட்டியைத் தட்டினார். "எனக்கு வலிச்சது இதுதான். இன்னிக்கும் கல்லாட்டம் கீது. நானும் நல்ல காலத்தான் காட்னேன்." நீட்டியிருந்த இடது காலைக் காட்டிச் சொன்னார்.

"தெரிஞ்சா சொல்லித் தொலைக்கறதுதான?" என்று கத்திவிட்டேன். "தெனமும் எந்தக் காலு எந்தக் காலுன்னு கேட்டுகினு இருந்தியே!"

"சொல்லியிருந்தா உன் வேல பூட்டிருக்கும் நைனா. என்னிய நீ சும்மா வுட்டிருப்பியா?"

அவர் சொன்னது உண்மை. அதற்காக அவரை மன்னிக்கவும் முடியவில்லை.

அதற்குப் பிறகும் சில சீசன் ஆடினேன். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் இடது முட்டியில் நீர் கோத்துக்கொள்ளும், ஊசியால் இழுத்து எடுப்பார்கள். மறுபடி ஆடுவேன், மறுபடி கோத்துக்கொள்ளும். தொண்ணூறுகள் பிறந்து கொஞ்ச காலத்தில் ஆட்டம் நின்றது. கேட்காரர் ஓய்வு பெற்றுப் போனார். ஸ்டோர்ஸில் ஏணி ஏற முடியாத எனக்கு எந்த இடம் கிடைக்கும் என்பது முன்பே முடிவானதுதான். ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். இடது கால் தானாக நீண்டுகொண்டது.

அந்தச் சமயம் டீமில் ஆடிய பிவட் பருத்திப்பட்டுக்காரன். கல்யாணமாகி, கைக்குழந்தையும் இருந்தது. தற்காலிகம். ஒருநாள் காலை சைக்கிளை நிறுத்தி, சாய்த்து, இடது காலை ஊன்றி இறங்கினான். வலது காலைக் காத்துக்கொண்டு நான் அன்று இறங்கியது போலவே. பேண்டுக்குள்ளே இரண்டு முட்டியும் புடைத்திருந்தன. நான் ஒன்றும் கேட்கவில்லை. எந்தக் கால் என்று கேட்கிறவனாக மட்டும் ஆகக் கூடாது என்று வீம்பாக இருந்தேன்.

அவனுக்கும் கோப்பை மேட்ச் வந்தது. அன்று மதியம் பர்சனல் ஆபீசர், புதிதாக வந்தவர், டாக்டரோடு காரில் கிளம்பி கேட்டில் நின்றார். கண்ணாடியை இறக்கி, "நம்ம பிவட்டுக்கு முட்டியில சின்ன வலியாம். ஊசி போட்டா ஆடிடுவான்" என்றார், ஜெயிக்கப்போகிற சந்தோஷத்தில்.

"எந்தக் கால்னு சொன்னான் சார்?"

என் வாயிலிருந்துதான் வந்தது.

"இடதுன்னான்."

கேட்டைத் திறந்துவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால், அவன் மேட்ச்சில் விழுந்திருப்பான். வேலை நிரந்தரமாகியிருக்கும். எனக்கு ஆனது போல, எனக்கு முன்னால் இருந்தவருக்கு ஆனது போல. அது எங்கள் சட்டம். நான் கேட்டைத் திறக்கவில்லை.

"பொய் சார். வலிக்கிறது வலது கால். ரொம்ப நாளா வலிக்குது. இடது நல்ல காலு, அதுல ஊசி போடாதீங்க."

அவனை அன்று ஆடவிடவில்லை. டீம் தோற்றது. அடுத்த முறை அவனுக்குத் தற்காலிகத்தை நீட்டிக்கவில்லை. கடைசி நாளன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவன், என் முன்னால் நின்று, "உன்க்கு நான் இன்னா பண்ணேன் அண்ணாத்தே?" என்றான். நான் என் காலைக் காட்டினேன். அவன் அதைப் பார்க்கவில்லை. காறித் துப்பிவிட்டுப் போனான். டீமில் இருந்தவர்கள் பிறகு என்னோடு டீ குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். மனைவி மட்டும் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அவன் கட்டுன பொண்ணு சாபம் வுடும், வுடட்டும்" என்றாள்.

அவன் அப்புறம் திருமழிசைப் பக்கம் ஏதோ ஒரு சின்ன ஒர்க்ஷாப்பில் சேர்ந்ததாகச் சொன்னார்கள். எங்கள் தொழிற்சாலைச் சம்பளத்தில் பாதிகூட வராது. அது தெரிந்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. செய்தது சரியா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஒருமுறை ஆவடி ஸ்டேஷன் மேம்பாலத்தில் அவனைப் பார்த்தேன். ரயில் வந்துவிட்டது. குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறி வந்தான். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தாண்டிப் போய், எதிர்ப்பக்கப் படிகளில் அதே வேகத்தில் குதித்து இறங்கினான். முட்டியில் கட்டு இல்லை. ஒவ்வொரு படியிலும் அவன் கால் விழுவதையே, ரயில் கிளம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இடது காலை முன்னால் வைத்து, ஒவ்வொரு படியாக இறங்கினேன்.